லேப்டாப் ஹீட் ஆகுதுன்னு ரிப்பேருக்குக் குடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

செம கடுப்புல டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. ப்ராசஸர் ஓவரா ஹீட் ஆகுதுன்னு லேப்டாப்பைக் குடுத்து பாதி மாசச் சம்பளம் போச்சு. பாதி மாசச் சம்பளம்! கடைப் பேரு சொல்லல, சொன்னா அது தனித் தலைவலி. எல்லா கம்பெனி லேப்டாப்பும் பாப்போம், சிப் லெவல் சர்வீஸ்னு போர்டுல பெருசா எழுதி வச்சிருக்கிற தனியார் சர்வீஸ் சென்டர், அவ்வளவுதான். நீங்க என்னென்ன செக் பண்ணணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

வீடியோ எடிட் பண்ண ஆரம்பிச்சா ஃபேன் கத்தும், கீபோர்டு மேல கை வைக்க முடியாது, கொஞ்ச நேரத்துல மவுஸ் கூட திக்கித் திக்கி நகரும். இதைத்தான் சொல்லிக் குடுத்தேன்.

அந்த ஆளு எடுத்தவுடனே காசு பேசல, அங்கதான் விழுந்துட்டேன். டெம்பரேச்சர் காட்டுற சாஃப்ட்வேரைத் தொறந்து, ப்ராசஸருக்கு ஃபுல் லோடு குடுக்குற டெஸ்ட்டை ஓட விட்டு, ஸ்க்ரீனை எம்பக்கம் திருப்பி வச்சான். 97 டிகிரி, சிவப்பு எழுத்துல. "நீங்களே பாருங்க சார், 100 தாண்டுச்சுன்னா சிப்பு போயிரும், போர்டோட தூக்கிப் போட வேண்டியதுதான். வேற இடத்துல குடுத்திருந்தா போர்டையே மாத்தச் சொல்லியிருப்பான், நாங்க அப்படிப் பண்றதில்ல." இப்படிச் சொல்றவன் ஏமாத்துவான்னு யாருக்குங்க தோணும்? ப்ராசஸர் ரீபாலிங், புது ஃபேன், ஒசத்தியான தெர்மல் பேஸ்ட் (சிப்போட சூட்டைக் கடத்துறதுக்கு அது மேல தடவுறது), எல்லாம் சேத்து பாதி மாசச் சம்பளம்னான். சரின்னுட்டேன்.

இப்ப தெரிஞ்சத சொல்றேன். நெறைய இன்டெல் லேப்டாப் சிப்புக்கு லிமிட்டே 100 டிகிரிதான், அதை நெருங்கினா சிப்பே தன் ஸ்பீடைக் கொறச்சுக்கும், அதுக்குப் பேருதான் த்ராட்டிலிங், அதையும் மீறிப் போனா மெஷினே ஆஃப் ஆயிரும். அதனால 97 காட்டுதுன்னா சிப்பு சாகப் போகுதுன்னு அர்த்தமில்ல, சூடு வெளிய போக வழியில்லன்னு அர்த்தம். ரீபாலிங்னா சிப்புக்கு அடியில இருக்கிற சால்டர் உருண்டைகளை எடுத்துட்டுப் புதுசா வைக்கிறது, காண்டாக்ட் விட்டுப்போன போர்டுக்குப் பண்ற வேலை. நல்லா ஓடிட்டிருக்கிற, ஹீட் மட்டும் ஆகுற மெஷினுக்கு அது எதுக்கு?

திருப்பி வாங்கப் போனப்ப அதே டெஸ்ட்டை ஓட்டிக் காட்டினான். 68 டிகிரி! ஃபேன் சத்தமே இல்ல. கும்பிடு போடாத குறையா நன்றி சொல்லி, பணத்தையும் எண்ணிக் குடுத்துட்டு வந்தேன். பில்லுல வெறுமனே "சர்வீஸ் சார்ஜ்"னு ஒரே வரி.

வீட்டுக்கு வந்து, எடிட் பண்ண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டா முன்னாடி ஆனதை விட ரெண்டு மடங்கு நேரம் ஓடுது. டாஸ்க் மேனேஜர்ல பாத்தா, 4 கிகாஹெர்ட்ஸ் தொடுற ப்ராசஸர் 1.5 தாண்டவே மாட்டேங்குது. தேடிப் பாத்தா விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல "மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்", அதாவது ப்ராசஸர் எத்தனை சதவீதம் வரைக்கும் ஓடலாம்ங்கிற செட்டிங், 100 இருக்க வேண்டிய இடத்துல 60 போட்டு வச்சிருக்கான்! வண்டி சூடாகுதுன்னு குடுத்தா செகண்ட் கியருக்கு மேல போகாம லாக் பண்ணிக் குடுத்த கதை. திரும்ப 100 வச்சேன், டெஸ்ட் ஓட்டினேன், மறுபடி அதே 97.

அடி மூடியைக் கழட்டினேன். ஃபேனுக்கும் சூட்டை வெளிய விடுற மெல்லிசுத் தகடுகளுக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி அடைச்சுக் கெடக்கு. ஃபேன் அதே பழைய ஃபேன், பிளேடு ஓரமெல்லாம் அழுக்கு. ஹீட்சிங்க்கை, அதாவது சிப்பு மேல உக்காந்து சூட்டை இழுக்குற உலோகப் பாகத்தை, தூக்கினா பேஸ்ட் காஞ்சு பொடிப்பொடியா உதிருது. ஹீட்சிங்க்கையே கழட்டாம ரீபாலிங் எப்படிய்யா பண்ணீங்க? செட்டிங்ல ஒரு நம்பரை மாத்துனதுக்கு பாதி மாசச் சம்பளமா?

போன் பண்ணா "நீங்க லோடு அதிகமா குடுக்குறீங்க சார்"ங்குறான். அடுத்த தடவை "விண்டோஸ் ப்ராப்ளம், கொண்டு வாங்க ஃபார்மட் பண்ணிரலாம், அதுக்குத் தனி சார்ஜ்." தூசியை போட்டோ எடுத்து அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. நேர்ல போனா டெக்னீஷியன் லீவாம், ஓனர் வெளிய போயிருக்காராம். விடாம நின்னதுக்கு, கவுன்ட்டர்ல இருந்த பையன் போன்லயே கண்ணை வச்சுக்கிட்டு "நீங்களே தொறந்துட்டீங்கல்ல, இனிமே வாரன்டி கெடையாது"ங்குறான். எந்த வேலைக்குடா வாரன்டி? செய்யாத வேலைக்கா?

கடைசில நானே பிரஷ் வச்சு தூசி எடுத்து (ஊதும்போது ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கணும்), பழைய பேஸ்ட்டைத் தொடச்சு, புதுசு தடவி, ஹீட்சிங்க்ல போட்டிருக்கிற நம்பர் வரிசைப்படி ஸ்க்ரூ முடுக்கினேன். அதே டெஸ்ட், ஃபுல் ஸ்பீடுல, 82. பேஸ்ட் வாங்கின காசு அவன் வாங்கினதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

விவரமா எழுதலாம்னு பாத்தேன், இதுக்கு மேல பொறுமை இல்ல, கோவம் கோவமா வருது. காசு குடுக்குறதுக்கு முன்னாடி டெம்பரேச்சரை மட்டும் பாக்காதீங்க, டெஸ்ட் ஓடும்போதே டாஸ்க் மேனேஜர்ல ஸ்பீடு எவ்வளவுன்னும் பாருங்க. ஃபேன் மாத்தினேன்னா பழைய ஃபேனைக் கையில குடுன்னு கேளுங்க. பில்லுல ஒவ்வொரு வேலையையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. ஹீட்டுக்கு ரீபாலிங்னு எவனாவது சொன்னா லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்துருங்க. ஆன்லைன் ரேட்டிங்கையும் நம்பாதீங்க, நான் போன இந்தக் கடைக்கு 4 ஸ்டாருக்கு மேல இருக்கு.