வால்ஸ் 7132: விசாரிக்க வேண்டியது குளியல் நேரத்தை

சுவிட்சர்லாந்தின் கிராவ்புண்டன் மாநிலத்தில், சுமார் 1,250 மீட்டர் உயரத்தில், ஒரு பள்ளத்தாக்கின் உட்கோடியில் இருக்கிறது வால்ஸ். ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழும் கிராமம். அதன் அஞ்சல் எண்ணையே பெயராக வைத்துக்கொண்ட 7132 ஹோட்டல் பற்றிக் கேட்பவர்கள் அறை வாடகையில்தான் தொடங்குகிறார்கள். அதன் குளியல் கூடத்திலுள்ள வெந்நீர்க் குளங்களில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், எந்தெந்த வேளையில் கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இங்கே கொடுக்கும் பணத்துக்கு ஈடான பொருள் அதுதான்.

அந்தக் குளியல் கூடத்தை வடிவமைத்தவர் சுவிஸ் கட்டடக்கலைஞர் பீட்டர் சும்தோர். இங்கே 1960-களில் கட்டிய ஹோட்டல் நொடித்துப்போனதும் 1983-ல் கிராமமே அதை வாங்கியது. ஊர்ச்சபை அவரிடம் கொடுத்த குளியல் கூடப் பணி 1996-ல் முடிந்தது. இரண்டே ஆண்டில், 1998-ல், பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்துவிட்டார்கள். 2012-ல் கிராம மக்கள் வாக்களித்துத் தனியாருக்கு விற்ற பிறகு வந்ததுதான் இன்றைய 7132.

கட்டடம் மலைச்சரிவுக்குள் பாதி புதைந்து, மேலே புல் போர்த்தி நிற்கிறது. சுவர்களுக்கான குவார்ட்சைட் கல் அதே பள்ளத்தாக்கில் வெட்டியது. சுமார் 60,000 பலகைகள். 31, 47, 63 மில்லிமீட்டர் என்று மூன்றே தடிமன்கள். எந்த வரிசையில் அடுக்கினாலும் மூன்றும் சேர்ந்து, இடைச்சாந்தோடு 15 சென்டிமீட்டர் வரும். அதனால்தான் சுவரின் கோடுகள் ஒழுங்கில்லாததுபோலத் தெரிந்தாலும் படிகளிலும் வாசல் ஓரங்களிலும் பிசிறில்லாமல் பொருந்துகின்றன. தண்ணீரில் கிடந்தபடி ஒரு மூலையை நிதானமாகப் பார்த்தால் புரியும். இதற்காகவே கட்டடக்கலை மாணவர்கள் உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள்.

ஊற்றுநீர் பூமியிலிருந்து வரும்போது சுமார் 30 பாகை செல்சியஸ். அதை வெவ்வேறு வெப்பத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். உள்குளம் 32. வெளிக்குளம் குளிர்காலத்தில் 36, கோடையில் அதைவிடக் குறைவு. தீக்குளியல் 42, பனிக்குளியல் 14. இதழ்கள் மிதக்கும் பூக்குளியல் தனி. தண்ணீருக்குள்ளேயே ஒரு குறுகிய வழியில் நுழைந்து போகும் ஊற்றுக்குகையும் உண்டு. அங்கே மெல்ல முனகினாலே சுவர் முழுக்க ஒலிக்கும்.

பெரும்பாலானோர் நேராக 42-க்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். கால்மணி நேரத்தில் தலை சுற்றி, மீதி மாலை முழுவதும் சாய்வு நாற்காலியில் கழிகிறது. சரியான வரிசை இது: முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, உள்குளத்தில் பத்து நிமிடம். பிறகு தீக்குளியலில் ஐந்து நிமிடம், எவ்வளவு பழகியவரானாலும் பத்துக்கு மேல் வேண்டாம். உடனே பனிக்குளியலில் கழுத்துவரை இறங்கி, மூச்சைச் சீராக விட்டபடி இருபது, முப்பது விநாடி. வெளியே வந்து துடைத்து, அங்கி போர்த்தி, குறைந்தது இருபது நிமிடம் படுத்திருக்க வேண்டும். இந்த ஓய்வைத் தவிர்ப்பதால்தான் களைப்பு வருகிறது: சூட்டில் விரிந்த ரத்தக்குழாய்கள் சுருங்கி நிலைக்கு வர நேரம் வேண்டும். ஓய்வுக்குப் பிறகு வெளிக்குளம். மொத்தமாக இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் அவசரம் இராது. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் 42, 14 இரண்டையும் விட்டுவிட்டு உள்குளத்தோடு நிற்பது நல்லது. இரவு விருந்தில் ஒயின் அருந்தியவர்கள் அன்றிரவு தீக்குளியல் பக்கம் போகவே கூடாது.

கூடத்துக்குள் வெளிச்சம் வேண்டுமென்றே குறைவு. கூரைப் பலகைகளுக்கு இடையே உள்ள மெல்லிய கண்ணாடிக் கீற்றுகள் வழியாகத்தான் பகல் இறங்குகிறது. கண்ணாடி அணிபவர்களுக்கு இது சிரமம்: ஆவியில் கண்ணாடி மூடிக்கொள்ளும், கழற்றினால் நீருக்குள் இருக்கும் படிகள் தெரியாது. கைப்பிடிக் கம்பியை விடாமல் இறங்குங்கள். வயதானவர்களைப் பகலிலேயே ஒருமுறை அழைத்துச் சென்று படிகளைக் காட்டிவிடுங்கள். கைப்பேசிக்கும் கேமராவுக்கும் உள்ளே தடை. அந்த அமைதிக்கு இந்தத் தடையே காரணம், முழுமையாக வரவேற்க வேண்டிய விதி. மிகச் சிறு குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது, ஆகவே குடும்பமாகப் போகிறவர்கள் வயது வரம்பை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நுழையும் நடைவழியில் பித்தளைக் குழாய்களிலிருந்து ஊற்றுநீர் வழிந்து, சுவரில் துருநிறக் கோடுகள் படிந்திருக்கும். பராமரிப்புக் குறை என்று சிலர் குறைப்படுகிறார்கள். நீரில் உள்ள இரும்புச்சத்து காற்றுபட்டுப் படிவதால் வரும் நிறம் அது. படியட்டும் என்றே அந்தச் சுவரை அப்படி விட்டிருக்கிறார்கள்.

பகல்நேர நுழைவுச்சீட்டு வாங்கி வருபவர்களும் இதே குளங்களைப் பயன்படுத்துகிறார்கள். மழை நாளிலும் வார இறுதிப் பிற்பகலிலும் வெளிக்குளத்தில் நெருக்கம்தான். தங்குபவர்களுக்கு மட்டுமே உரிய நேரம் பகல் சீட்டுக்காரர்கள் வருவதற்கு முந்தைய காலை வேளையும், சில கிழமைகளில் நடக்கும் நள்ளிரவுக் குளியலும். நள்ளிரவுக் குளியல் எந்தக் கிழமை என்று முதலில் கேளுங்கள், அதைப் பார்த்துத் தேதியை முடிவு செய்யுங்கள். ஒரே இரவு தங்குவது வீண்: வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் பகல் கூட்டத்தோடு மோதும். இரண்டு இரவு என்றால் இரண்டு காலைகள் கிடைக்கும்.

அறைகள் இரண்டு கட்டடங்களில். ஐந்து நட்சத்திர முதன்மை ஹோட்டலில் ஜப்பானியக் கட்டடக்கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த பெரிய சூட்டுகள் (பல அறைகள் கொண்ட தொகுதிகள்) வரை உண்டு. பக்கத்துக் கட்டடம், கட்டடக்கலைஞர்கள் இல்லம், கணிசமாக விலை குறைவு. அங்கே சும்தோர், தடாவோ ஆண்டோ, கெங்கோ குமா, தாம் மேய்ன் என நால்வர் வடிவமைத்த அறைகள். எதைக் கேட்கிறீர்கள் என்று பதிவிலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கிடைத்தது கிடைக்கும். மேய்ன் அறைகளில் ஒளி ஊடுருவும் கண்ணாடிக் குளியலறை நடு அறையில் நிற்கிறது. தம்பதிக்குப் பரவாயில்லை, தாயும் மகனும், அல்லது இரு நண்பர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். குமாவின் அறைகள் ஓக் பலகைகளால் சுவரும் கூரையும் மூடியவை, வெதுவெதுப்பானவை. பளபளக்கும் சுண்ணச் சுவரும் பட்டுத் திரையும் கொண்ட சும்தோர் அறைகள்தான் குளியல் கூடத்தின் மனநிலையை அப்படியே தொடர்கின்றன. எல்லாமே சிறியவை. பெரிய பெட்டி இரண்டைத் திறந்து வைக்க இடமிருக்காது. அப்படியிருந்தும், சூட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் இந்தச் சிறிய அறையில் இன்னோர் இரவு தங்குவதே லாபம். ஹெலிகாப்டர் சவாரி, லிமோசின் போன்ற சேவைகளும் இருக்கின்றன. மாட்டுத் தொழுவமும் கல்கூரை வீடுகளும் நிறைந்த இந்த ஊருக்கு அவை ஒட்டவேயில்லை.

உயர்தர உணவகம் 7132 சில்வர். சமையல் தலைவர் ஸ்வென் வாஸ்மர் காலத்தில் உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷெலின் வழிகாட்டியின் இரண்டு நட்சத்திரம் பெற்றது, அவருக்குப் பின் வந்த மித்யா பிர்லோவும் அதைக் காத்தார். பல சுற்றுகளாக வரும் விருந்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். வாரம் முழுக்கத் திறந்திருப்பதில்லை, மேசைகளும் குறைவு. அறையைப் பதிவு செய்யும் அதே மின்னஞ்சலில் மேசையையும் கேட்டு, எழுத்தில் உறுதி வாங்குங்கள். பயணக் களைப்போடு முதல் நாள் இரவு வேண்டாம்; இரண்டாம் இரவு வையுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் "வெஜிடேரியன்" என்று ஒரு சொல் எழுதி நிறுத்தக்கூடாது. அங்கே அதில் முட்டை அடங்கும். எலும்புச்சாறும் ஜெலட்டினும் கேட்காமலே வரக்கூடும். மலைப்பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள்தான். எதெல்லாம் ஆகாது என்று ஒவ்வொன்றாக எழுதி, இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள். ஊர்ச் சமையலிலும் இதே கவனம் தேவை. கீரை இலையில் மாவைச் சுற்றி வேகவைக்கும் காபுன்ஸ் பார்க்கச் சைவம்; உள்ளே உலர்த்திய இறைச்சித் துணுக்குகள் இருக்கும். பார்லி சூப்பிலும் அப்படியே. உருளைக்கிழங்கைத் துருவி மாவு சேர்த்து வெண்ணெயில் பொரபொரவென்று வறுத்து, ஆப்பிள் கூழோடு தரும் மாலுன்ஸ் பாதுகாப்பானது, வயிறும் நிறையும்.

சூரிச்சிலிருந்து குர் வரை ரயிலில் ஒன்றேகால் மணி. குரிலிருந்து ரேட்டியன் ரயில் ரைன் பள்ளத்தின் அடியோடு ஓடி, சுமார் முக்கால் மணியில் இலான்ஸ் சேர்க்கும். அங்கிருந்து மஞ்சள் அஞ்சல் பேருந்து இன்னொரு முக்கால் மணிக்குள் வால்ஸில் விடும். சுவிஸ்வாழ் தமிழர்கள் பலர் வைத்திருக்கும் அரைக்கட்டண அட்டை இந்த வழி முழுக்கச் செல்லும். சுற்றுலாப் பயணச்சீட்டும் அப்படியே. மாலையில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் டாக்ஸிக்குப் பெரும் தொகை போகும், ஆகவே விமானம் பிற்பகலில் இறங்கினால் அன்றிரவைக் குரிலேயே கழியுங்கள். குளிர்காலத்தில் காரோட்டி வருபவர்களுக்குப் பனிச்சக்கரம் அவசியம். இலான்ஸுக்கு மேலே சாலை ஒடுங்கி, ஓரம் செங்குத்தாகச் சரிகிறது.

அறை வாடகையோடு, ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி தனியாகச் சேரும். வசந்தத்தில் பராமரிப்புக்காகக் குளங்களை மூடும் காலமும் உண்டு. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே வருவதானால், விமானச்சீட்டு எடுக்கும் முன் அந்தத் தேதிகளைப் பார்த்துவிடுங்கள்.