டைட்டானிக் அட்டவணையும் மூன்று சதவீதங்களும்: வகுப்பில் எதை முதலில் நடத்தலாம்?

1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக்கில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது மூலத்துக்கு மூலம் கொஞ்சம் மாறும். புள்ளியியல் வகுப்புகளில் அதிகம் புழங்குவது 2,201 பேர் கொண்ட இந்தக் கணக்கு. இருவழி அட்டவணை (ஒரே ஆட்களை இரண்டு வகையில் பிரித்து எண்ணிக் காட்டும் அட்டவணை) நடத்த இதைவிட நல்ல தரவு கிடைப்பது கடினம்.

| | பிழைத்தவர் | இறந்தவர் | மொத்தம் |
|---|---|---|---|
| முதல் வகுப்பு | 203 | 122 | 325 |
| இரண்டாம் வகுப்பு | 118 | 167 | 285 |
| மூன்றாம் வகுப்பு | 178 | 528 | 706 |
| ஊழியர் | 212 | 673 | 885 |
| மொத்தம் | 711 | 1,490 | 2,201 |

இதைச் சார்பு நிகழ்வெண்ணாக, அதாவது எண்ணிக்கையைச் சதவீதப் பங்காக, மாற்ற மூன்று வழி உண்டு: மொத்தத்தால் வகுக்கலாம், நிரையின் (கிடை வரிசையின்) கூடுதலால் வகுக்கலாம், நிரலின் (செங்குத்து வரிசையின்) கூடுதலால் வகுக்கலாம்.

மொத்தத்தால் வகுப்பது சுலபம். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே பகுதி (வகுக்கும் எண்), கூட்டினால் 100 வரும். ஆனால் பிழைத்த முதல் வகுப்பினர் 9.2%, மூன்றாம் வகுப்பினர் 8.1%, ஊழியர் 9.6% என்று வந்து நிற்கும். இதைப் பார்க்கிற மாணவர் ‘எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வாய்ப்பு’ என்று எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நிரைப்படி வகுத்தால் கதையே மாறுகிறது. முதல் வகுப்பில் 62.5% பேர் பிழைத்தார்கள், இரண்டாம் வகுப்பில் 41.4%, மூன்றாம் வகுப்பில் 25.2%, ஊழியரில் 24%. வகுப்புக்கும் உயிர் தப்பியதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு இதுதான் பதில் தரும்.

நிரல்படி வகுத்தால் வேறு கேள்விக்கான பதில் வரும். பிழைத்த 711 பேரில் 29.8% ஊழியர், மற்ற எந்தப் பிரிவையும்விட அதிகம். பிழைப்பு விகிதத்தில் கடைசியில் நிற்பவர்களும் அவர்களே! 885 பேர் இருந்ததால் வந்த விளைவு இது. ஆண், பெண் கணக்கு இன்னும் வேடிக்கை. பிழைத்தவர்களில் ஆண்கள் 367, பெண்கள் 344. செய்தித்தாள் தலைப்புக்கு இது போதும். ஆனால் 1,731 ஆண்களில் 21.2% பேர்தான் தப்பினார்கள், 470 பெண்களில் 73.2% பேர்.

நான் நிரைச் சதவீதத்தில்தான் தொடங்குவேன். அடுத்து நிரல், மொத்தத்தால் வகுப்பது கடைசியில். ஆனால் ‘எப்போதும் நிரை’ என்று விதியாகச் சொல்லித் தரக்கூடாது. அட்டவணையில் நிரையையும் நிரலையும் இடம் மாற்றிப் போட்டால் அந்த விதி கவிழ்ந்துவிடும். வகுப்பதற்கு முன் ‘பகுதியில் யார்?’ என்று கேட்டு, ‘ஊழியர் 885 பேரில் 212 பேர்’ என வாக்கியமாக எழுத வைப்பது மேல். எக்செல் பிவட் டேபிளில் (தரவைத் தொகுத்து அட்டவணையாக்கும் வசதி) மூன்று சதவீதமும் ஒரு கிளிக்கில் வரும். எந்தக் கேள்விக்கு எது என்பதை அது சொல்லாது.

படமாகக் காட்ட, 100% அடுக்குப் பட்டை வரைபடம் (எல்லாப் பட்டையும் ஒரே நீளம், உள்ளே பங்குகள்) நிரைச் சதவீதத்துக்கு நன்றாகப் பொருந்தும். குழு எவ்வளவு பெரிது என்பது மட்டும் அதில் மறைந்துபோகும்.

நிரைச் சதவீதத்துக்கும் எல்லை உண்டு. வேகமாகப் படிக்கும் மாணவர்களுக்கு மூன்றாம் வகுப்பையும் ஊழியரையும் மட்டும் தனியே கொடுங்கள். மொத்தப் பிழைப்பு விகிதத்தில் மூன்றாம் வகுப்பு சற்றே மேல். ஆண்களை மட்டும் பார்த்தால் ஊழியர் 22.3%, மூன்றாம் வகுப்பு 17.3%. பெண்களிலும் ஊழியரே மேல்: 87%, மூன்றாம் வகுப்பில் 45.9%. இரண்டிலும் முந்தியவர்கள் மொத்தத்தில் பிந்தியது எப்படி என்று அவர்களே தேடட்டும். 885 ஊழியரில் பெண்கள் 23 பேர்தான், மூன்றாம் வகுப்பிலோ 706 பேரில் 196 பேர்.