ஜிடிஎக்ஸ்: தங்கச் சுரங்கப் பங்கு ஈடிஎஃப், யாருக்குச் சரிப்படும்?

தங்கம் ஏறும்போதெல்லாம், "தங்கத்தைவிடச் சுரங்கப் பங்குதான் வேகமாக ஏறும்" என்ற பேச்சும் கிளம்பும். அதை நம்பி வருபவர்களில் பலர் வாங்குவது வான்எக் நிறுவனத்தின் கோல்ட் மைனர்ஸ் ஈடிஎஃபைத்தான் (ஈடிஎஃப் என்பது சந்தையில் பங்கைப் போலவே வாங்கி விற்கக்கூடிய நிதி). 2006 மே முதல் நியூயார்க்கில் ஜிடிஎக்ஸ் என்ற குறியீட்டில் வர்த்தகமாகிறது. ஆண்டுக் கட்டணம் 0.51 சதவீதம். நியூமான்ட், அக்னிகோ ஈகிள், பாரிக் போன்ற பெரிய நிறுவனங்களின் பங்குகள் இதில் இருக்கின்றன. ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கிடையாது.

சுரங்க நிறுவனத்தின் லாபம் என்பது விற்கும் விலைக்கும் எடுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி. ஓர் அவுன்ஸ் (சுமார் 31.1 கிராம்) தங்கம் 2,000 டாலர், செலவு 1,400 டாலர் என்றால் மிச்சம் 600. விலை 10 சதவீதம் ஏறி 2,200 ஆனால் மிச்சம் 800. லாபம் 33 சதவீதம் கூடுகிறது. அதே 10 சதவீதம் இறங்கினால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். செலவு 1,800 ஆக இருக்கும் சுரங்கத்துக்கோ அந்த இறக்கத்தில் லாபமே சுத்தமாகத் துடைபடும். பலர் கவனிக்காத இன்னொரு பக்கமும் உண்டு. விலை 4,000, செலவு 1,600 என்று இடைவெளி அகலமாக இருக்கும்போது 10 சதவீத ஏற்றம் லாபத்தைச் சுமார் 17 சதவீதம்தான் கூட்டும். ஏற்றம் முற்றிய பிறகு நுழைபவருக்கு இந்தப் பெருக்கல் பாதியாகக் குறைந்திருக்கும்.

கணக்கு இவ்வளவுதான் என்றால் குறையே இல்லை. ஆனால் செலவு ஓரிடத்தில் நிற்காது. டன்னுக்கு 1 கிராம் தங்கமுள்ள தாதுவில் 90 சதவீதத்தைப் பிரித்தெடுத்தால், ஓர் அவுன்ஸுக்குச் சுமார் 35 டன் தாதுவை அரைக்க வேண்டும். விலை ஏறினால், முன்பு ஒதுக்கிய 0.6 கிராம் தாதுவும் லாபகரமாகிவிடும். அதை ஆலைக்கு அனுப்பினால் அதே அவுன்ஸுக்கு 58 டன். டீசல், சயனைடு, மின்சாரம், கூலி எல்லாம் அதற்கேற்ப ஏறும். விற்பனை மதிப்பின் சதவீதமாக வசூலிக்கப்படும் ராயல்டியும் தானாகக் கூடும். சுரங்கத்தின் ஆயுள் நீள்கிறது. அவுன்ஸுக்கான லாபம் சுருங்குகிறது.

இந்த ஈடிஎஃபின் உண்மையான சோதனை 2011-க்குப் பிறகு நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் 1,900 டாலரைத் தொட்ட தங்கம், 2015 டிசம்பரில் 1,050 அருகே வந்தது. ஏறத்தாழ 45 சதவீத இறக்கம். ஜிடிஎக்ஸோ 66 டாலர் அளவிலிருந்து 2016 ஜனவரியில் 13 டாலருக்கும் கீழே போனது. 80 சதவீத அடி. உச்ச விலையில் செய்த கையகப்படுத்தல்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2010-ல் கின்ராஸ் என்ற சுரங்க நிறுவனம் 710 கோடி டாலருக்கு ரெட் பேக் என்ற இன்னொரு சுரங்க நிறுவனத்தை வாங்கி, பிறகு அதன் மதிப்பில் பெரும்பகுதியைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. சிலி-அர்ஜென்டினா எல்லையில் பாரிக் கட்டிவந்த பாஸ்குவா-லாமா சுரங்கத் திட்டம் 2013-ல் பாதியில் நின்றது. 2020 ஆகஸ்டில் தங்கம் 2,000-ஐத் தாண்டிப் புது உச்சம் கண்டபோதும் ஜிடிஎக்ஸ் 45 டாலர் அளவில்தான் இருந்தது. ஆகவே தங்கத்துக்கு மாற்றாக வாங்கி வைத்துவிட்டு மறந்துவிட ஏற்ற பொருளாக இதைச் சொல்ல முடியாது. சந்தையே பீதியில் விழும்போது கைகொடுக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2020 மார்ச்சில் பணத்துக்காக எல்லாவற்றையும் விற்றார்கள். சில நாட்களில் இது மூன்றில் ஒரு பங்கை இழந்தது.

வாங்குவதென்றால் முதலில் பெரிய நான்கைந்து நிறுவனங்களின் காலாண்டு அறிக்கையில் ஏஐஎஸ்சி என்ற எண்ணைப் பாருங்கள். சுரங்கம் தொடர்ந்து ஓட அவுன்ஸுக்கு ஆகும் மொத்தச் செலவு அது. 2013-ல் உலகத் தங்கக் கவுன்சில் வகுத்த முறை. வருமான வரி, கடன் வட்டி, புதுச் சுரங்கம் கட்டும் செலவு இதில் சேராது என்பதால், மிச்சம் பார்ப்பதற்கு நல்லவிதமாகவே தெரியும். தங்கத்தைவிட ஏஐஎஸ்சி வேகமாக ஏறத் தொடங்கினால் புதிதாகச் சேர்க்காதீர்கள். அடுத்து, வெளியிலுள்ள பங்குகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா என்று பாருங்கள். புதுப் பங்கு விற்று இன்னொரு சுரங்கத்தை வாங்கினால், ஏற்றத்தின் பலன் பழைய பங்குதாரருக்கு முழுதாக வந்து சேராது. வர்த்தகம் தாராளமாக நடப்பதால் வாங்க, விற்கச் சிரமமில்லை. ஆனாலும் சந்தை திறக்கும் முதல் சில நிமிடங்களைத் தவிர்த்து லிமிட் ஆர்டர் (விலை வரம்பை நீங்களே குறிக்கும் ஆர்டர்) போடுங்கள். டிவிடெண்ட் ஆண்டுக்கு ஒருமுறை டிசம்பரில் வரும். அதற்காக வாங்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

தங்கத்தின் விலை மட்டும் போதும் என்பவருக்கு, தங்கக் கட்டிகளையே வைத்திருக்கும் ஜிஎல்டிஎம் என்ற ஈடிஎஃப் 0.10 சதவீதக் கட்டணத்தில் கிடைக்கிறது. சிறு சுரங்க நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட ஜிடிஎக்ஸ்ஜே ஈடிஎஃப் இன்னும் ஆட்டம் காணும். சுரங்கப் பங்குகளின் தினசரி நகர்வை இருமடங்காகத் தரும் நக்ட் என்ற நிதியின் பக்கம் முதலீட்டாளருக்கு வேலையே இல்லை: 100 ரூபாய் 10 சதவீதம் இறங்கி மறுநாள் 11.1 சதவீதம் ஏறினால் மீண்டும் 100 ஆகும். இருமடங்கு நிதியிலோ முதலில் 80, பிறகு 97.8.