ரைசன் 5 2600, கோர் ஐ5-8400: செயலியைப் பார்க்கும் முன் மதர்போர்டைப் பாருங்கள்

பழைய உதிரிபாகங்களை வைத்துச் சிக்கனமாக ஒரு கணினி கட்டலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களில் வந்து முட்டிக்கொள்வார்கள். இன்டெல் கோர் ஐ5-8400 வந்தது 2017 அக்டோபரில். ஏஎம்டி ரைசன் 5 2600 வந்தது 2018 ஏப்ரலில். இரண்டிலும் ஆறு கோர்கள் (செயலிக்குள் வேலை செய்யும் தனித்தனி அலகுகள்), இரண்டும் 65 வாட். பழைய சரக்காக வாங்கும்போது விலையிலும் பெரிய இடைவெளி இருப்பதில்லை. நான் ரைசனை எடுத்தேன். என் தம்பி சில மாதங்களுக்கு முன்பே 8400-ஐ எடுத்திருந்தான். ஆகவே இந்த அலசலில் பக்கச்சாய்வு உண்டு, மறைக்கவில்லை. ரைசனோடு நான் ஐந்து ஆண்டு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்; 8400-இல் முழுநேரமாக உட்கார்ந்தது தம்பி வெளியூரில் இருந்த இரண்டு மாதங்கள் மட்டுமே. அதற்கேற்ப எடைபோட்டு வாசியுங்கள்.

வேகத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 8400-இன் அடிப்படை வேகம் 2.8 ஜிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது அது 4.0 வரை போகும், ஆறும் சேர்ந்து உழைத்தாலும் 3.8-இல் நிற்கும். 2600 ஓடுவது 3.4-க்கும் 3.9-க்கும் இடையில். ஒரே வேகத்தில் வைத்தாலும் இன்டெல் கோர் கொஞ்சம் கூடுதலாக வேலை முடிக்கும். அதனால் வெளிவந்த காலத்தில் விளையாட்டுகளில் 8400-இன் கைதான் ஓங்கியிருந்தது. ரைசனின் பலம் வேறு: ஆறு கோர்களில் பன்னிரண்டு திரெட்கள், அதாவது ஒரு கோரிலேயே இரண்டு வேலை வரிசைகள். 8400-இல் கோருக்கு ஒன்றுதான். வீடியோவை வடிவம் மாற்றுவது, நிரல் தொகுப்பது, பெரிய கோப்புகளைச் சுருக்குவது போன்ற வேலைகளில் 2600 முன்னே போய்விடும். இதில் வாதமே இல்லை.

விளையாட்டுகளில் பின்னாளில் நிலைமை மாறியது. தம்பியின் கணினியில் ஒரு திறந்தவெளி விளையாட்டை ஆடிக்கொண்டே பின்னணியில் வீடியோ அழைப்பையும் வைத்திருந்தேன். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகத்தான் காட்டியது. ஆனால் ஆறு திரெட்களும் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றன. தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் விக்கிப் போனது. அதே விளையாட்டு 2600-இல் சராசரியில் சற்றுக் குறைவு, விக்கல் மட்டும் இல்லை. எல்லா விளையாட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நான் ஆடிப் பார்த்தது நாலைந்துதான்.

ரைசன் வாங்குபவர்கள் ரேம் விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. 2600-க்குள் கோர்கள் மூன்று மூன்றாக இரண்டு குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. அவற்றை இணைக்கும் பாதையின் வேகம் ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ரேம் மெதுவாக ஓடினால் செயலியும் சேர்ந்து சோர்ந்துவிடும். நான் 3000 வேக ரேம் வாங்கி மாட்டிவிட்டு, எட்டு மாதம் அது 2133-இல் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமலே இருந்தேன். பயாஸில் (கணினி கிளம்பும்போதே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி என்ற ஒரு வரியை இயக்கியிருந்தால் போதும். இயக்கிய அன்று புதுக் கணினி வாங்கியது போல இருந்தது. கூடவே எட்டு மாத முட்டாள்தனத்தின் வெட்கமும். 8400-இல் இந்தத் தலைவலி குறைவு. பி360, ஹெச்310 மதர்போர்டுகளில் ரேம் 2666-ஐத் தாண்டாது, ஆகவே வேகமான ரேமுக்குச் செலவழிப்பது வீண்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய செயலி வாங்கும்போது நாம் உண்மையில் வாங்குவது ஒரு சாக்கெட்டை, அதாவது மதர்போர்டில் செயலி உட்காரும் இடத்தை. செயலியை ஒரு மாலையில் மாற்றிவிடலாம். மதர்போர்டை மாற்றினால் பெட்டியை முழுக்கப் பிரிக்க வேண்டும், சில நேரம் ரேமும் கூலரும்கூடப் பொருந்தாமல் போகும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த மதர்போர்டில் நாளை வேறு என்ன உட்காரும்?

8400 உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ1151. இதே சாக்கெட் அதற்கு முந்தைய தலைமுறைகளிலும் இருந்தது, ஆனால் இசட்270 போன்ற பழைய மதர்போர்டுகளில் 8400 ஓடாது. ஓட்டை ஒன்று, பூட்டு வேறு. பழைய சந்தையில் 'எல்ஜிஏ1151' என்ற பெயரை மட்டும் பார்த்து மதர்போர்டு வாங்கிக் கைசுட்டுக்கொண்டவர்கள் உண்டு. 300 வரிசை சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். மேலே போகும் வழியும் குறுகியது. ஒன்பதாம் தலைமுறையோடு பாதை முடிந்துவிடுகிறது. 2020-இல் வந்த பத்தாம் தலைமுறைக்கு எல்ஜிஏ1200 என்ற வேறு சாக்கெட். தம்பி ஓர் ஐ7-9700-க்காக அலைந்தான். அந்த மதர்போர்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஏற வேண்டிய கடைசிப் படிகள் அவைதாம் என்பதால், பழைய ஐ7, ஐ9 செயலிகளின் விலை வயதுக்கேற்ப இறங்குவதில்லை. கடைசியில் அவன் மலைத்துப்போய் விட்டுவிட்டான்.

ரைசன் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டின் கதை வேறு. 2017-இல் முதல் ரைசன் உட்கார்ந்த அதே சாக்கெட்டில்தான் 5000 வரிசையும் உட்காருகிறது. இது எளிதாக நடந்துவிடவில்லை. 2020-இல் பி450 மதர்போர்டுகளுக்கு அந்த வரிசையின் ஆதரவு கிடையாது என்றுதான் ஏஎம்டி முதலில் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்த பிறகு அதே மாதத்தில் மனம் மாறியது. அதற்கும் பழைய பி350, எக்ஸ்370 மதர்போர்டுகளுக்கு 2022-இல்தான் வழி திறந்தது. என்னுடையது பி450; அதில் 5000 வரிசைச் செயலி ஒன்றை மாட்ட இறங்கினேன். 2600-ஐக் கழற்றும் முன் அதை வைத்தே புதிய பயாஸை ஏற்ற வேண்டும். பயாஸை ஏற்றாமல் புதிய செயலியை மாட்டினால் திரையில் ஒன்றும் வராது. மதர்போர்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பயாஸ் சில்லில் 16 எம்பி மட்டுமே இடமுள்ள சில மதர்போர்டுகளில், புதியவற்றைச் சேர்ப்பதற்காகப் பழைய செயலிகள் சிலவற்றை நீக்கியிருக்கிறார்கள்.

பயாஸ் நல்லபடியாக ஏறியது. சொதப்பியது அடுத்த படியில். கூலரின் திருகுகளைக் கழற்றி நேராக மேலே இழுத்தேன். ஐந்து ஆண்டில் காய்ந்து இறுகியிருந்த வெப்பப் பசை, பூட்டிய சாக்கெட்டிலிருந்து செயலியையே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஏஎம்4-இல் பின்கள் இருப்பது செயலியின் அடியில், மொத்தம் 1331. ஓர் ஓரத்தில் நான்கு பின்கள் காற்றில் சாய்ந்த நாற்றுப் போலக் கிடந்தன. மெக்கானிக்கல் பென்சிலின் ஈயத்தை எடுத்துவிட்டு, வெற்றுக் குழாயை ஒவ்வொரு பின்னிலும் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கணினியைப் பத்து நிமிடம் கனமான வேலையில் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகிவிட்டு எடுத்திருந்தால் இந்த வினை வந்திருக்காது. இன்டெல்லில் பின்கள் மதர்போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன, செயலியின் மேல் இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருக்கும். இப்படிப் பிடுங்கிக்கொண்டு வராது. ஆனால் அந்தச் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தால் நிமிர்த்துவது இதைவிடக் கொடுமை.

மாட்டியது ரைசன் 5 5600. அதே ஆறு கோர், பன்னிரண்டு திரெட், அதே 65 வாட். செயலிக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 16 எம்பியிலிருந்து 32 ஆனது, ஆறு கோர்களும் ஒரே குழுவாயின, வேகம் 4.4 வரை போகிறது. ரேம், கூலர், மின்வழங்கி எதையும் தொடவில்லை. விளையாட்டுக்கென்றே 96 எம்பி கேஷோடு வந்த 5800எக்ஸ்3டி-யும் இதே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் உச்சச் செயலியின் விலை இறங்க மறுக்கும் நோய் அதற்கும் உண்டு. நடுப்படியில் 5600 போன்ற ஒன்று இருப்பதுதான் ஏஎம்4-இன் பலம். 8400 வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு நடுப்படி இல்லை.

விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போய் ரைசன் 5 1600 அல்லது ஐ7-7700 என்று மலிவாகக் கிடைத்தால் யோசியுங்கள். அவை பட்டியலில் இல்லை.

8400 என்னை முழுதாகத் தோற்கடித்த இடம் ஒன்று உண்டு. அதற்குள்ளேயே யூஹெச்டி 630 கிராபிக்ஸ் இருக்கிறது. 2600-இல் ஒன்றுமில்லை. என் கிராபிக்ஸ் அட்டை செத்தபோது பயாஸ் திரையைக்கூடப் பார்க்க முடியாமல் பதினொரு நாள் கணினி மூலையில் கிடந்தது. இன்டெல் பக்கம் போகிறவர்கள் பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள். 9400எஃப் போல 'எஃப்' என்று முடிந்தால் அதிலும் கிராபிக்ஸ் கிடையாது.

தம்பி இப்போது வேறு கணினிக்கு மாறிவிட்டான். அவனுடைய 8400 எந்த அட்டையும் இல்லாமல், வீட்டின் படங்களையும் கோப்புகளையும் சேமித்து வைக்கும் பெட்டியாக ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. என் 2600, நான்கு பின்களும் நிமிர்ந்த நிலையில், மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதற்கும் ஒரு பெட்டி கட்டலாம். அதற்காக ஒரு கிராபிக்ஸ் அட்டையும் வாங்க வேண்டும்.