நாட்டார் கதை படிப்போருக்கு ஒரு துருக்கி மொழி வகுப்பு

மலேசியத் தோட்டப்புறக் கதைகளில் முதுகலை ஆய்வை முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்குத் துருக்கிய நாட்டார் கதைகளை எடுத்துக்கொண்டபோது, மூலமொழியில் கேட்காத கதையைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம் என்று என் நெறியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். 12 வாரங்களுக்கு 600 ரிங்கிட்.

மூன்றாவது வாரம் ஆசிரியை பாடநூலை மூடிவைத்துவிட்டு, 'பிர் வர்மிஷ், பிர் யோக்முஷ்' என்று பலகையில் எழுதினார். 'ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம்' என்றுதான் துருக்கியக் கதை தொடங்கும். சொல்பவர் கண்ணால் கண்டதன்று, காதால் கேட்டது என்பதை உணர்த்தும் அந்த 'மிஷ்' விகுதி உடன் படித்தோருக்குப் பிடிபட அரைமணி நேரமானது. 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம்' என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கோ, நம் 'ஆம்' அங்கே இருப்பது சட்டென்று தெரிந்தது. ஒட்டகம் தண்டோரா போட்ட காலத்தில், தெள்ளுப்பூச்சி சவரம் செய்த காலத்தில், நான் என் தாயின் தொட்டிலை ஆட்டிய காலத்தில் என்று நீளும் தொடக்க அடுக்கையும் அவர் ராகத்தோடு சொல்லிக் காட்டி, எங்களையும் சொல்ல வைத்தார். எந்தப் பாடநூலிலும் கிடைக்காத பயிற்சி அது.

இத்துறையில் உழைத்தவர்கள் பட்ட பாட்டையும் அவர் மறைக்கவில்லை. பெர்தெவ் நைலி போரதாவ் அங்காராப் பல்கலைக்கழகத்தில் வகித்த நாட்டார் வழக்காற்றியல் பணியிடம் 1948-இல் ஒழிக்கப்பட்டது. அவர் பிரான்சுக்குச் சென்று பணியைத் தொடர்ந்தார். வோல்ஃப்ராம் எபர்ஹார்டுடன் சேர்ந்து துருக்கியக் கதைகளை 378 வகைகளாகப் பிரித்து அவர் 1953-இல் வெளியிட்ட அட்டவணையே இன்று என் மேசையில் தினமும் திறந்து கிடக்கிறது. அவருடைய மாணவர் இல்ஹான் பஷ்கோஸ் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இதையே கற்பித்தார்.

எனக்கு ஒரு குறை உண்டு. 1928-இல் லத்தீன் எழுத்து வரும்வரை துருக்கி மொழி அரபு எழுத்திலேயே எழுதப்பட்டது. அதைப் படிக்கக் கற்றுத்தருவதாக விளம்பரத்தில் சொல்லியிருந்தும், கடைசி வாரம் ஒரு பழைய பக்கத்தின் நகலைக் கொடுத்ததோடு முடித்துக்கொண்டார்கள். மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறையை அறிந்த மலாய் நண்பர்கள் தட்டுத் தடுமாறியேனும் எழுத்துக்கூட்டினார்கள். நான் வெறும் தாளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய சுவடிகளை ஆராய விரும்புவோர் முதலில் ஜாவியைக் கற்றுக்கொண்டு செல்வது நல்லது. வாய்மொழிக் கதைகளைத் தேடுவோர் தயங்காமல் சேரலாம். அடுத்த நிலைக்கும் நான் பெயர் கொடுத்துவிட்டேன்.