விசில் சத்தம் கேட்கிற கடற்கரை

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனி, ஆடியில் ராத்திரி ஊர் அடங்கிய பிறகு திண்ணையில் உட்கார்ந்தால் கடல் இரைவது கேட்கும். அப்படியிருந்தும் அம்மா கடலில் கால் நனைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கமே போகவில்லை. குளச்சலில் தெரிந்தவர்கள் இறந்துபோனதும், மணக்குடிப் பாலத்தை அலை அடித்துக்கொண்டு போனதும் அந்த மனசை விட்டு நீங்கவில்லை.

இந்த முறை மெல்பனிலிருந்து டிசம்பர் விடுமுறைக்கு ஐந்து வாரம் வந்திருந்தோம். நான், மனைவி, பதினொரு வயது மகன், ஏழு வயது மகள். வந்த இரண்டாம் நாளே மகள் கேட்டாள்: "பாட்டி, இங்க பக்கத்துல பீச் இருக்கா?"

அம்மா சொன்னது இதுதான்: "இருக்கு மக்களே. ஆனா அது பாக்கதுக்கு உள்ளது. எறங்கதுக்கு உள்ளது இல்ல."

அந்த வார்த்தை பயணம் முழுக்க என்னோடு வந்தது. குமரி மாவட்டக் கடற்கரைகள் எவ்வளவு அழகு என்று ஊருக்கு வெளியே இருக்கிற எங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முட்டத்துப் பாறைகள், சொத்தவிளையின் நீண்ட மணல், தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேருகிற இடம் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். ஆனால் வயதான அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று மணி நேரம் நிம்மதியாக இருக்க முடியுமா? நான் பார்க்க நினைத்தது அதைத்தான். அதற்காக இரண்டு கரைக்குப் போனோம்: எங்கள் பக்கத்தில் ஒன்று, அடுத்தது கேரளத்துக் கோவளம்.

முதலில் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஒன்றுக்கே போனோம். பெயர் வேண்டாம், ஏனென்றால் அங்கே பார்த்த குறைகள் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல. ஞாயிறு சாயங்காலம், நல்ல கூட்டம். வண்டி நிறுத்த ஒழுங்கான இடம் இல்லாததால் ரோட்டின் இரண்டு பக்கமும் கார்கள். கழிப்பறைக் கட்டிடம் இருந்தது, புதிதாகப் பெயிண்ட்கூட அடித்திருந்தார்கள். கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் சுண்டல் விற்கிறவர், "அந்த ஆளு அஞ்சு மணிக்கே போயிருவாரு" என்றார். கூட்டம் வருவதே ஐந்து மணிக்குப் பிறகுதானே!

மகளுக்கு அவசரம். மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் ஒரு மீனவர் வீட்டில் போய்க் கேட்டாள். அந்த அக்கா, "இதுக்கெல்லாம் கேக்கணுமா, உள்ள வாங்க" என்று கூட்டிப்போய், திரும்பும்போது கருப்பட்டிக் காப்பியும் கொடுத்து அனுப்பினார். ஞாயிறுதோறும் இப்படி நாலைந்து குடும்பம் வந்து கதவைத் தட்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஊர் செய்ய வேண்டிய வேலையை ஒரு வீடு செய்துகொண்டிருக்கிறது.

அதற்குள் மகன் மணலில் நின்று கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, "அப்பா, கொடி எங்கே?" என்றான். ஆஸ்திரேலியாவில் வளர்கிற பிள்ளைகளுக்கு இது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும், அங்கேதான் காவலர்கள் கண் வைத்திருப்பார்கள். கொடி இல்லையென்றால் இறங்கக் கூடாது. இங்கே கொடியும் இல்லை, ஆளும் இல்லை. "ஆழமான பகுதி" என்று எழுதிய பலகை ஒன்று, பாதி எழுத்து உப்புக்காற்றில் உதிர்ந்து நின்றது. அதற்குப் பக்கத்திலேயே கல்லூரிப் பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். நாங்கள் இறங்கவில்லை.

காப்பி கொடுத்த அக்காவின் வீட்டுக்காரர் கடல் தொழில் செய்கிறவர். அவர்தான் எனக்கு நீவாடு பற்றிச் சொன்னார். நீரோட்டத்துக்கு இந்தக் கரையில் அதுதான் பெயர். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் ஏதாவது ஒரு குறுகிய வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அந்த வழியில் அலை அதிகம் உடையாது, அதனால் தெரியாதவர்களுக்கு அதுதான் அமைதியான இடமாகத் தெரியும். போய் நிற்பார்கள், இழுத்துவிடும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இதே விஷயத்தை என் மகன் நீச்சல் வகுப்பில் படித்திருந்தான். அவரும் அவனும் மணலில் கோடு போட்டுப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கள்ளக்கடலையும் அவர் சொன்னார். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆனால் வெகு தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து திடீரென்று கரையேறும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனது அப்படிப்பட்ட நாட்களில்தான். ஐதராபாத்தில் இருக்கிற கடல்சார் தகவல் மையம் எச்சரிக்கை கொடுத்திருந்தது. அந்த எச்சரிக்கையைக் கரையில் நின்று, வந்தவர்களிடம் உரக்கச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, கோவளத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கோவளம் மூன்று இருக்கிறது. சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குக் கொடுக்கிற சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021-இல் வாங்கியது சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளம். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊருக்கும் அதே பெயர். நாங்கள் போனது திருவனந்தபுரம் கோவளம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது வெளியூரே இல்லை. அம்மா பிறந்தபோது கருங்கலும் கோவளமும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்.

களியக்காவிளை தாண்டி காரோடு என்ற ஊரில் புறவழிச்சாலை பிடித்தால், கான்கிரீட் ரோடு கோவளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற முக்கோலைவரை ஒரே நேர். பாறசாலை, நெய்யாற்றின்கரை நெரிசலில் மாட்ட வேண்டாம். நாங்கள் தம்பியின் காரில் போனோம். வாடகை வண்டி எடுப்பவர்கள், எல்லை தாண்டுகிற பெர்மிட் செலவு யாருடையது என்று முன்னமே பேசிக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபிறகு பேசினால் மனக்கசப்புதான்.

புதன்கிழமை காலை ஏழரைக்கே போய்ச் சேர்ந்தோம். கோவளத்தில் பாறைகள் பிரிக்கிற சின்னச் சின்ன வளைவுகளாகக் கடற்கரைகள். கலங்கரை விளக்கம் இருக்கிற பக்கம், அதற்கடுத்து ஹவ்வா, வடக்கே சமுத்ரா. அம்மாவின் முழங்காலை நினைத்து, கார் கிட்டே போகக்கூடிய ஹவ்வா பக்கம் நிறுத்தினோம். ரசீது கொடுத்துக் காசு வாங்கினார்கள். கழிப்பறை கட்டணக் கழிப்பறை. வாசலில் ஒரு சேச்சி உட்கார்ந்திருந்தார், ஒவ்வொருவர் வந்துபோன பிறகும் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, உடுப்பு தொங்கவிடக் கொக்கி இருந்தது. சின்ன விஷயம்தானே என்று நினைப்பீர்கள். ஈரத் துணியோடு நிற்கிற பெண் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் கொக்கியின் மதிப்பைச் சொல்வாள்.

அப்புறம் அந்த விசில். கடற்கரைக் காவலர் ஒருவர் மணலில் நடந்துகொண்டே இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவராகவே கிட்டே வந்து, எல்லைப் பக்கத்துத் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்: "பிள்ளைங்க இங்கன நிக்கட்டும், முட்டளவு போதும். அந்தப் பாறைக்கு அப்புறம் போகண்டா." சிவப்புக் கொடி பாறைப் பக்கம் நட்டிருந்தது. பத்து நிமிடத்துக்கொரு தடவை விசில் சத்தம் கேட்டது. யாராவது ஒருவர் கொஞ்சம் உள்ளே போனால் போதும், உடனே ஊதி, கையைக் காட்டிக் கூப்பிடுவார். ஒரு இளைஞர் கூட்டம் முறைத்தது. அவர் சத்தம் போடவில்லை, அவர்கள் திரும்பி வரும்வரை ஊதிக்கொண்டே நின்றார். மகன் என்னைப் பார்த்து, "இங்க ஓகே அப்பா" என்றான். மெல்பனில் பார்த்தது போலவே ஒருவர் கண் வைத்திருக்கிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

குடையோடு நாற்காலி வாடகைக்குக் கிடைத்தது. இருநூறு ரூபாய் கொடுத்து அம்மாவை உட்கார வைத்தோம். மகள் கை நிறைய மணலை அள்ளி வந்து, "ஏன் இது கறுப்பா இருக்கு?" என்று கேட்டாள். அம்மா உடனே, "இது நம்ம மணவாளக்குறிச்சி மண்ணுல்லா" என்றாள். உண்மைதான். மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த கனமான தாதுக்களை அலை அரித்து ஒதுக்கி வைத்த மண் அது. இல்மனைட், மோனசைட் எல்லாம் அதில்தான். எல்லைக் கோடு நிலத்தில் போட்டதுதான், இந்தக் கறுப்பு மண் இரண்டு பக்கமும் கிடக்கிறது.

குறைகளும் உண்டு. ரோட்டிலிருந்து தண்ணீர்வரை மணலில் நடக்க அம்மா மிகவும் சிரமப்பட்டாள். தம்பியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மெல்பனில் சில கடற்கரைகளில் மணல்மேல் கெட்டியான பாய் விரித்து, சக்கர நாற்காலியே தண்ணீர் ஓரம்வரை போகும்படி செய்திருக்கிறார்கள். நாங்கள் இருந்த இடத்தில் அப்படி எதையும் பார்க்கவில்லை. படகில் கூட்டிப்போகிறேன் என்று கேட்டு வருபவர்களுக்கு நாலைந்து தடவை வேண்டாம் சொல்ல வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, வீட்டிலிருந்தே மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் கட்டி எடுத்துப் போயிருந்தோம். கடையில் மீன் சாப்பிடுகிறவர்கள் பொரிக்கச் சொல்லும் முன்பே விலை கேட்டுக்கொள்வது நல்லது.

பருவமும் முக்கியம். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை கடல் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் அலை கரையையே தின்னும், கோவளத்திலேயே மணல் பாதி காணாமல் போகும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை எங்கள் மாவட்டத்து மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆஸ்திரேலியக் குளிர்கால விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் கடல் குளியலை மட்டும் நினைக்க வேண்டாம்.

ஒன்பதரை மணி இருக்கும். மகள் வந்து பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா முதலில் தலையாட்டி மறுத்தாள். பிறகு அந்தக் காவலரை ஒரு தடவை பார்த்தாள். அவர் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தாள். அலை வந்து கணுக்கால்வரை நனைத்துவிட்டுப் போனது. அம்மா எதுவும் பேசவில்லை, அடுத்த அலைக்கும் அங்கேயே நின்றாள். அதற்கடுத்ததற்கும்.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே எங்கள் பக்கத்துக் கடற்கரைக்காக ஒரு மனு எழுதினேன். சனி, ஞாயிறு சாயங்காலம் விசிலோடு பயிற்சி பெற்ற ஒருவர், அவருக்கு இரண்டு கொடிகள், ஏழு மணிவரை திறந்திருக்கிற கழிப்பறை. இவ்வளவுதான் கேட்டது. உள்ளூரில் நீந்தத் தெரிந்த, கடலைத் தெரிந்த இளைஞர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கே அந்த வேலையைக் கொடுக்கச் சொல்லியும் எழுதினேன். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனோம். முதல் கையெழுத்து காப்பி கொடுத்த அக்கா போட்டார். காருக்குள்ளேயே இருப்பேன் என்று வந்த அம்மா, கண்ணாடியை இறக்கி, "அந்தப் பேப்பரை இங்க கொண்டா மக்களே" என்றாள்.