ஷியானா, லுவோயாங்கா?

சீனாவின் இந்த இரண்டு பழைய நகரங்களில் எதற்குப் போவது? 2 முழு நாள் கையில் இருந்தால் ஷியான்; ஒரே நாள் என்றால் லுவோயாங்.

ஷியானின் சுடுமண் படை (சுடுமண்ணில் செய்த பழங்கால வீரர் சிலைகள்) நகருக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கிறது. போய்வரவே அரை நாள் ஓடிவிடும். பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்யுங்கள். அசலை ஓட்டலில் விட்டுவந்தால் வாசலிலேயே சிக்கல். சிலைகள் தோண்டியெடுக்கப்பட்ட மூன்று குழிகளில் எல்லோரும் முதல் குழிக்கே ஓடுவார்கள். நீங்கள் 3, 2, 1 என்று போங்கள், பிரமிப்பு ஏறிக்கொண்டே போகும். 2-ஆம் குழியில் கிடைத்த மண்டியிட்ட வில்லாளி சிலையைப் பின்பக்கம் போய்ப் பாருங்கள்: காலணியின் அடியில் தையல் புள்ளிகள்கூடத் தெரியும். 1970-கள் வரை மண்ணுக்குள் கிடந்த கைவேலை அது! மறுநாள் 13.7 கி.மீ. நகர மதில்மேல் வாடகை சைக்கிளில் ஒரு சுற்று, சுமார் 2 மணி நேரம். தளம் மேடுபள்ளம், எடுக்கும்முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்.

லுவோயாங்கில், பாறையில் குடைந்த புத்தர் சிலைகள் உள்ள லோங்மென் குகைகள் அதிவேக ரயில் நிலையத்திலிருந்து சில கி.மீ.தான். அங்குள்ள 17.14 மீட்டர் உயர வைரோசனப் புத்தர் கிழக்கு பார்த்திருக்கிறார். காலையில் முகத்தில் வெயில் விழும், பிற்பகலில் நிழல் அடித்துவிடும். படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவும். ஏப்ரலில் பியோனி மலர்க்காலம், அறை வாடகை ஏறும்.

அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை. இரண்டு ஊருமே வேண்டாம்.